தும்பைக்குடியாரின் நெற்றி

இன்றைக்கும் துணியை எடுக்கவில்லை என்பது, பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்கு முன்பே, மருந்துக்கடைத் திருப்பத்திலேயே பிலோமினாவுக்குத் தெரிந்துவிட்டது. முச்சந்தி நடுவில் மேடை, மேடைமேல் நாலு தூண், தூண்களுக்கு மேல் கான்கிரீட் கூரை, கூரைக்கடியில் தலையிலிருந்து கால்வரை பழுப்புத் துணி சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய அந்த உருவம். எல்லாம் நேற்றுப் போலவே நின்றன. தேர்தல் முடிந்தாயிற்று, ஓட்டு எண்ணியாயிற்று, ஜெயித்தவர் மாலையும் கழுத்துமாக இந்த வழியாகவே ஜீப்பில் போயுமாயிற்று. மற்ற சிலைகளெல்லாம் துணி கழற்றி, குளித்துவிட்டு வந்த மாதிரி நிற்கின்றன. இவருக்கு மட்டும் விடியவில்லை. இத்தனைக்கும் இவர் தலைவரே இல்லை. புலவர். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் பிறந்து, ரெண்டே ரெண்டு பாட்டு எழுதிவிட்டுப் போனவர். தும்பைக்குடியார் என்று ஊர்ப்பெயரை வைத்துத்தான் அவரைச் சொல்வார்கள். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, முகம் எப்படியிருந்ததென்றும் தெரியாது. சிலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது, கை நீட்டி நிற்பவர், கை கட்டி நிற்பவர் என்று வரிசையாக மூடிக்கொண்டே வந்த ஆட்கள் ஓலையும் எழுத்தாணியுமாக நின்ற இவரையும் சேர்த்து மூடிவிட்டார்கள். "புலவர் எந்தக் கட்சிப்பா?" என்று நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கூழ் விற்கும் ராக்கு கேட்டாளாம். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுக்கா, நின்னா மூடணும், அவ்வளவுதான்" என்றானாம் ஏணியில் இருந்தவன். ராக்கு இதைப் பிலோமினாவிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்தாயிற்று. இன்றைக்கு ராக்கு சிரிக்கவில்லை. பானையைத் துடைத்துக்கொண்டே மேடைப் பக்கம் தாடையைக் காட்டினாள். "நர்சம்மா, வண்டி வந்துருச்சு பாருங்க." மேடையை ஒட்டி, மஞ்சள் நிறத்தில், கழுத்தை மடக்கிக்கொண்டு ஒரு கிரேன் நின்றது. பிலோமினா நர்ஸ் இல்லை, பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக் கூட்டிப் பெருக்குகிறவள். அதை ராக்குவிடம் திருத்திச் சொல்ல இன்றைக்குத் தெம்பு இல்லை. சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தாள். நாலாம் நம்பர் வந்தது. ஏறவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். துணியை அவிழ்க்கும்போது இங்கே இருக்க வேண்டும். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு கிரேனோ லாரியோ எது வேண்டுமானாலும் வந்து கொண்டுபோகட்டும். அவிழ்க்காமல் எப்படித் தூக்குவார்கள், பெல்ட்டுப் போட வேண்டாமா, கழுத்து எங்கே தோள் எங்கே என்று தெரிய வேண்டாமா, அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். இப்படி நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உடனேயே, அவிழ்க்காமலும் தூக்கலாமே என்று தோன்றி அந்த ஆறுதல் போயிற்று. துணி சுற்றிய எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். தவக்காலத்தில் கோயிலில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். மாதா, சூசையப்பர், அந்தோணியார், பீடத்தில் பெரிய சிலுவை, எல்லாம் ஊதா மூட்டைகள். மூட்டைக்குள் இருக்கிறது மாதாதான் என்று எப்படித் தெரியும், ஈஸ்டர் பாஸ்காவுக்குத் துணியை எடுக்கும்போது உள்ளே வேறே யாராவது இருந்தால் என்ன செய்வது என்று முழங்காலில் நின்றபடி நினைத்திருக்கிறாள். ஒரு வருஷமும் அப்படி நடக்கவில்லை. அதே மாதா, அதே சிரிப்பு, மூக்கு நுனியில் அதே சுண்ணாம்புப் பொரிவு. ஆனாலும் அடுத்த தவக்காலத்தில் அதே பயம் வரும். கல்யாணமான புதிதில் அவரிடம் இதைச் சொன்னபோது, அவர், சவரிராஜ், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "கோயில்ல இருந்தா சுரூபம்ங்கறோம், ரோட்டுல இருந்தா சிலைங்கறோம், அலமாரில இருந்தா பொம்மைங்கறோம். எல்லாம் ஒரே மண்ணுதான, பிலோமி?" என்றார். "சும்மா இருங்க, பாவம்" என்று அவள் வாயைப் பொத்தினாள். அவர் வாயைத்தானே பொத்தினாள்? ஆமாம், உள்ளங்கையில் மீசை குத்தியது. மீசை குத்தியது நினைவிருக்கிறது. மீசை எப்படி இருந்தது?

அங்கேதான் நிற்கிறது. முகம் வரமாட்டேனென்கிறது. இரும்பு கருகிய வாசனை வருகிறது. பொறி பட்டுப் பொத்தல் விழுந்த சட்டை, ஒவ்வொரு பொத்தலும் இருக்கிற இடத்தோடு வருகிறது. கணுக்கால் வருகிறது. செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிற பழக்கம் வருகிறது. காதிலிருந்து ஆரம்பித்துப் பார்ப்பாள். காதுமடல், கிருதா, தாடை எலும்பு, கன்னத்தில் ஷேவிங்கின்போது எப்போதும் விட்டுப்போகிற நாலு முடி. அதற்கப்புறம் கண்ணுக்குப் போகலாம் என்று நினைக்கும்போது ஒரு கை வந்து மறைக்கும். அவருடைய இடது கைதான். நெற்றியிலிருந்து மூக்குவரை அப்படியே பொத்திக்கொள்ளும். எந்த நாளின் கை அது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, கையை விலக்க முடியவில்லை. வீட்டுச் சுவரில் படம் இருக்கிறது. ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. ஸ்டுடியோக்காரன் கருணையோடு ஒரு கோட்டுப் போட்டு, கன்னத்தை நிரவி, நெற்றித் தழும்பைத் துடைத்தெடுத்துவிட்டான். "இவரு யாருடா?" என்றுதான் கேட்கத் தோன்றியது. "கண்ணு அப்படியே இருக்குல்ல ஆன்ட்டி" என்றான். பல் ஆஸ்பத்திரியில் பல்லுக்கு அச்சு எடுத்துச் சுண்ணாம்பில் வார்த்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தாடைக்கும் அடியில் பெயர் எழுதியிருக்கும். அலமாரியைத் துடைக்கும்போது அவளால் பெயரைப் பார்க்காமலேயே ஆளைச் சொல்ல முடியும். இது கோணல் சிரிப்பு ஹெட்மாஸ்டர், இது வெற்றிலைக்கார அம்மாள். யார்யாருடைய வாயோ இப்படி நினைவிருக்கிறது. படுபாவி, முப்பது வருஷம் கூடப் படுத்தவரின் முகம் இல்லை. கடைசியிலும் காட்டவில்லையே. அந்தத் தொற்று வருஷத்தில் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வெள்ளையாகச் சுற்றி, ஜிப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். "முகத்தை மட்டும் ஒரு தடவை" என்று கேட்டாள். "தெறக்கக் கூடாதும்மா" என்று கவச உடுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சொன்னவருக்கும் முகம் இல்லை. குழிக்கு எட்ட நின்ற சாமியாருக்கும் முகம் இல்லை, கண்ணாடித் தாளும் மூச்சுக்காற்றின் ஆவியும்தான். உள்ளே இருக்கிறது அவர்தான் என்று எப்படித் தெரியும்? இதை இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மகள் அழுவாள்.

அப்புறம் ஒருநாள், கறுப்புச் சேலையோடு, எங்கேயோ போய்விட்டு நாலாம் நம்பரில் ஜன்னலோரம் வந்துகொண்டிருந்தபோது, முச்சந்தியில் வண்டி நின்றது. நிமிர்ந்தால் அவர் நின்றார். சிலை அங்கே எத்தனையோ வருஷமாக நிற்கிறதுதான். அது அவர்தான் என்பது அவளுக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்வரை ரோட்டில் நிற்பதை யார் பார்க்கிறார்கள்? காய்கறிப் பையோடு கடந்து போவாள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் பார்த்தாள். தாடி அவருடையதில்லை, கொண்டை அவருடையதில்லை, ஆனால் தாடிக்குள்ளிருந்து பார்க்கிற அந்தப் பார்வை, எதையோ வாங்க வந்து என்னவென்று மறந்துவிட்டவன் பார்வை, அது அவருடையது. புருவத்துக்கு மேலே தழும்பு. எண்ணிப் பார்த்துக்கொண்ட மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டு, பல் ஆஸ்பத்திரிக்கு வந்தது இதற்காகத்தான். சாயங்காலம் இந்தப் பலகையில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும். பார்த்துக்கொண்டே இருப்பதும் இல்லை. மனுஷர் வீட்டில் இருந்தபோது மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாளா? இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பார்கள். ஒரு வருஷம் தாமிர நிறம், ஒரு வருஷம் வெள்ளி. அடிக்க வந்தவனிடம் ஒருதடவை சொன்னாள். "தம்பி, நெத்தில கொஞ்சம் லேசா அடிங்க, அந்தப் பள்ளம் தூர்ந்துடப் போவுது." அவன் டப்பாவைக் கலக்கிக்கொண்டே கேட்டான். "ஏம்மா, புலவர் உங்க வகையறாவா?" அந்த வருஷம் அவன் லேசாகத்தான் அடித்தான்.

அவர் எப்படிப் புலவரானார் என்பதும் ஒரு கூத்துதான். அவருடைய வெல்டிங் கடைக்கு அடுத்த கொட்டகையில் சிலைக்காரர் கலியமூர்த்தி இருந்தார். கம்பி கட்டி, வலை சுற்றி, சிமெண்டு பூசிச் சிலை செய்கிறவர். கை நீட்டிய தலைவர்கள், சட்டத்தைக் கையில் பிடித்த தலைவர்கள், தேர் பொம்மைகள், பூங்காவுக்கு மான்கள், எல்லாம் அங்கேதான். கம்பிக் கூட்டை வெல்டு வைத்துக் கொடுக்க சவரிராஜைக் கூப்பிடுவார். புலவர் சிலைக்குக் கூடு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கலியமூர்த்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "தலைவர்னா போட்டோ இருக்கும், பாத்துச் செஞ்சிடுவேன். சாமின்னா லட்சணம் எழுதி வெச்சிருக்கான். இந்தாளுக்கு ரெண்டும் இல்ல. நீ கொஞ்சம் அப்படி நில்லுய்யா." நின்றார். நாலைந்து சாயங்காலம், வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓலைக்குப் பதில் இரும்பறுக்கிற ஹாக்ஸா பிளேடைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் டிபன் கொண்டுபோயிருந்தாள் ஒருநாள். ஈரச் சிமெண்டில் அவர் முகம் அரைகுறையாக இருந்தது, கண்ணுக்கு இன்னும் மணி வைக்கவில்லை. "அந்தத் தழும்பு வேணாமேண்ணே" என்றாள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். கலியமூர்த்தி கரண்டியைத் துடைத்தார். "மொழுமொழுன்னு நெத்தி வெச்சா அது பொம்மை தங்கச்சி. ஏதாச்சும் ஒண்ணு பட்டிருந்தாத்தான் ஆளு." அவர் அசையாமல் நின்றபடியே, உதட்டை மட்டும் அசைத்து, "பட்டதுக்குக் காரணம் யாருன்னு கேளுங்க" என்றார். உள்ளே இருக்கிற எலும்பும் அவர் வைத்ததுதான், மேலே இருக்கிற முகமும் அவருடையதுதான். நடுவில் கொஞ்சம் சிமெண்டு மட்டும் புலவர். அதைக் கழற்றத்தான் கிரேன் வந்திருக்கிறது. காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் மேடையில் ஏறி, அடித்தளத்தில் கடப்பாரையை நுழைத்து அசைத்துப் பார்த்தார்கள். துணிக்குள் உருவம் அசையவில்லை. மறுபடி நாலாம் நம்பர் வந்து, நடத்துநர் அவளைப் பார்த்து விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டுப் போனார்.

காரணம் யார் என்றால், கதவுதான். சேவியர் காம்பவுண்டில் அவர்கள் குடியிருந்த பகுதிக்குக் குளியலறைக் கதவு கிடையாது, படுதாதான். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், அவரே இரும்பு ஆங்கிளும் தகரமும் வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தார். அளக்கிற டேப் கடையிலேயே இருந்துவிட்டது. "பிலோமி, வந்து இந்த எடத்துல நேரா நில்லு." நின்றாள். அவள் தலைக்குமேல் ஒரு சாண் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, வெல்டு வைத்து, சுவரில் பதித்துப் பூசி, தகரத்தை மாட்டி, பச்சை பெயிண்டும் அடித்துவிட்டார். சாயங்காலம் குளிக்கப் போகும்போதுதான் தெரிந்தது, அவர் அவளைவிட ஒன்றரைச் சாண் உசரம் என்று. ஊரெல்லாம் கேட் செய்துகொடுக்கிற ஆள்! காம்பவுண்டே கூடிச் சிரித்தது. "பொண்டாட்டிய மட்டும் மனசுல வெச்சு அளந்திருக்காருடி" என்று பக்கத்துப் பகுதி ரூபி அக்கா சொன்னாள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அறுத்து மாற்றுகிறேன் என்றவர் மாற்றவேயில்லை. அவர் துண்டை எடுத்தால் அவள் எங்கே இருந்தாலும் "குனிங்க" என்பாள். அடுப்படியில், துவைக்கிற கல்லில், ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தால் அருள்நிறைந்த மரியேக்கு நடுவில், "குனிங்க". மகள் பேச ஆரம்பித்ததும் அப்பாவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தைகளில் ஒன்று, "குணிங்க". ஒருநாள் பால் பொங்கியது. ஓடிப்போய் இறக்கினாள். அந்த ஒருநாள் சொல்லவில்லை. டங்கென்று கேட்டது. ஓடிவந்தால், ஈரத் துண்டோடு கதவுக்குள் நிற்கிறார், இடது கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு. விரல் இடுக்கில் ரத்தம். கைக்குக் கீழே வாய் சிரிக்கிறது. "கையை எடுங்க, பாக்கட்டும்." "ஒண்ணுமில்லடி." "ஒண்ணுமில்லன்னா எடுங்க." "எடுத்தா நீ விழுந்துருவ." அப்புறம் எடுத்திருப்பார்தான். மஞ்சள் வைத்திருப்பாள், தையல் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் நினைவில் அவர் கையை எடுப்பதேயில்லை. பால் தீய்ந்த வாசனை, பச்சைத் தகரம், இடது கை. அங்கேயே நிற்கிறது.

தழும்புக்கு இன்னொரு கதையும் உண்டு, ஊரெல்லாம் நம்புகிற கதை. சிலை திறப்பு விழாவுக்கு அவரும் அவளும் போயிருந்தார்கள். அவள் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். பேராசிரியர் இளவழுதி, தமிழ் மன்றத் தலைவர், விழாவுக்கு முதல்நாள் கொட்டகைக்கு வந்து பார்த்தவர், "நெற்றியில் இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். கலியமூர்த்தி முழித்திருக்கிறார். பக்கத்தில் வெல்டிங் ஹோல்டரோடு உட்கார்ந்திருந்த இவர், விளையாட்டாக, "தலை குனியாமப் போனாரு சார், நெலையில இடிச்சிருச்சு" என்று சொல்லிவைத்தார். மறுநாள் மேடையில் அது வரலாறாகிவிட்டது. சிற்றரசன் ஒருவன் புலவர்கள் குனிந்து வரட்டும் என்று வாசலைத் தாழக் கட்டினானாம். தும்பைக்குடியார் குனியவில்லையாம். நிமிர்ந்தே நடந்து நெற்றி பிளந்து, ரத்தம் வழியப் பாடினாராம். கூட்டம் கை தட்டியது. இவரும் தட்டினார். பேராசிரியர் பாட்டையும் விளக்கினார். பிரிந்துபோனவனை நினைத்து ஒருத்தி தோழியிடம் சொல்கிற பாட்டு. அவன் நடந்த வழி நினைவிருக்கிறது, அவன் கையிலிருந்த வேல் நினைவிருக்கிறது, முகத்தை மட்டும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்ன பாட்டு இது, முகம் எப்படி மறக்கும் என்று பிலோமினா நினைத்தாள். பக்கத்தில் இருந்த முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியிருக்கலாம். அவர் அவள் காதருகே குனிந்து, "ரெண்டாயிரம் வருஷமா நிக்கிறேன், ஒரு டீ வாங்கித் தர ஆளில்ல பாரு" என்றார். குனிந்தார். அன்றைக்கு நன்றாகத்தான் குனிந்தார்.

போன வாரம் அவள் பேராசிரியர் வீட்டுக்கே போய்விட்டாள். வெண்கலத்தில் புதுச்சிலை வருகிறது, பழையதை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி வெட்டி மரியாதையாகப் புதைக்கப்போகிறார்கள் என்று ராக்கு சொன்ன அன்றைக்கு. பேராசிரியர் நல்ல மனிதர், மோர் கொடுக்கச் சொன்னார். புதுச்சிலையைப் போனில் காட்டினார். பளபளவென்று, எந்த ஊர் முச்சந்தியில் நிறுத்தினாலும் பொருந்துகிற முகம். நெற்றியில் தழும்பு இருந்தது, வாளால் கீறிய மாதிரி நேராக, அழகாக. "அது இல்லாம விடுவோமா, அது வரலாறு இல்லியா?" என்றார். அவள் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "சார், அது என் வீட்டுக்காரர் முகம்." பேராசிரியர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அம்மா, எங்க தாத்தா மாதிரி இருக்கு, எங்க மாமா மாதிரி இருக்குன்னு எத்தனையோ பேர் சொல்லியிருக்காங்க. அதான் அந்தச் சிலையோட வெற்றி." இதற்கு மேல் என்ன சொல்வது? தலையை மட்டும் கொடுங்கள் என்றாள். அப்போதுதான் அவர் பயந்தார். "தலையா? சிலையிலேருந்து தலையை அறுத்து ஒருத்தர் கொண்டுபோனாங்கன்னு வெளிய தெரிஞ்சா ஊர்ல பஸ் ஓடாதும்மா. கேஸ் உங்க மேல வராது, என் மேல வரும்." உண்மைதான். வேறு எந்தத் தலை உடைந்தாலும் ஊர் பற்றி எரியும், இந்தத் தலைக்காக அவள் ஒருத்திதான் அழுவாள். ஆனால் போலீசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. குழி வெட்டப் போகிறார்கள். மறுபடி ஒரு குழி. மறுபடி சுற்றித்தான் இறக்குவார்களா? இதை நினைத்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

போன் அடித்தது. ஓசூரிலிருந்து மகள் ஜெசிந்தா. "எங்கம்மா இருக்க?" "பஸ் ஸ்டாப்புல." "இன்னுமா? அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியா?" பிலோமினா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அம்மா, அது சிமெண்டும்மா." "தெரியும்டி." "அப்பா போட்டோ வீட்ல இருக்குல்ல." "அது கோட்டுப் போட்ட எவனோ." வேறு குரலில், சின்னப் பிள்ளைக் குரலில், "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள் ஜெசிந்தா. "எடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியா?" சரியென்று வைத்துவிட்டாள். வைத்தபிறகுதான் உறைத்தது. இவளுக்கும் முகம் இல்லையா? அப்படியென்றால் உலகத்தில் வேறு யாரிடம் இருக்கிறது? ரூபி அக்கா போய்ச் சேர்ந்தாள். கலியமூர்த்தி எங்கே போனார் என்று தெரியவில்லை. துணிக்குள் இருக்கிறது, அங்கே மட்டும்தான் இருக்கிறது. எதிரே பேராசிரியர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கிரேன் ஓட்டுபவரிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார். காக்கிச் சட்டைக்காரர்கள் பெல்ட்டைத் துணியின் மேலேயே சுற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். மேலேயே. அவிழ்க்காமலேயே. எழுந்து ரோட்டைக் கடக்க வேண்டும். கடந்து என்ன சொல்வது? முன்பு சொன்னதையே சொன்னால் மறுபடி கண் கலங்குவார். தலை வேண்டாம், ஒன்றும் வேண்டாம், துணியை மட்டும் எடுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால்? பைத்தியம் என்று நினைப்பார்களா? நினைக்கட்டும். அந்தப் பின்வாசலில் இன்னொருதடவை கேட்டிருந்தால் திறந்திருப்பார்களோ? ஒரே தடவைதானே கேட்டாள். சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. "நர்சம்மா, லாரி வருது, பாத்து!" என்று ராக்கு கத்தினாள். அப்போதுதான் தான் ரோட்டின் நடுவில் இருப்பது தெரிந்தது.

"சார், துணியை அவுத்துட்டுத் தூக்குங்க." பேராசிரியர் திரும்பி, அவளைப் பார்த்து, கைகூப்புகிற மாதிரி செய்தார். "அம்மா, பெயிண்டெல்லாம் உரிஞ்சு கெடக்கும்மா. அவுத்தா பத்துப் பேரு போட்டோ எடுத்துப் போடுவான். புலவரைக் குஷ்டரோகி மாதிரி வெச்சிருந்தாங்கன்னு எழுதுவான். மரியாதையா அப்படியே போகட்டும்." "ஒரு நிமிஷம் சார். நெத்தி வரைக்கும் போதும்." "நேரம் ஆவுதும்மா." கிரேன் உறுமியது. கடப்பாரை நெம்பியதும் மேடையிலிருந்து பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு உருவம் கிளம்பியது, ஒரு விரற்கடை, ஒரு சாண். துணி சுற்றிய உயரமான அது காலைத் தரையில் ஊன்றாமல் லேசாக ஆடியது, குளித்துவிட்டு ஈரக்காலோடு நிற்கிறவர் மாதிரி. நாலு தூணுக்கு நடுவிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். முன்பக்கத்து விட்டம் தாழ்வு. காக்கிச் சட்டைக்காரன் "எறக்கு, எறக்கு, இன்னும் எறக்கு" என்று கையை ஆட்டினான். ஓட்டுபவருக்குத் தூண் மறைத்தது. உருவம் நேராக, நிமிர்ந்து, அவசரமில்லாமல் விட்டத்தை நோக்கி வந்தது. எவ்வளவு உசரம், எவ்வளவு இடைவெளி என்று அளந்துபார்க்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை. அவள் உடம்புக்கே தெரியும். அடுப்படியிலிருந்து, துவைக்கிற கல்லிலிருந்து, எங்கே இருந்தாலும் தெரியும்.

"குனிங்க!"

முச்சந்தி முழுக்கக் கேட்டிருக்கும். பேராசிரியர் திடுக்கிட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டார். அதே கணத்தில் டங்கென்று இடித்தது. சிமெண்டுக்குள்ளிருந்து அவர் வைத்த கம்பி அதிர்கிற சத்தம். கிரேன் நின்றது. விட்டத்திலிருந்து தூசி உதிர்ந்தது. நெற்றி இருக்கிற இடத்தில் துணி விரலளவு கிழிந்திருந்தது, அதற்குள் இருட்டு மட்டும் தெரிந்தது. "யாரும்மா அது, சிமெண்டைக் குனியச் சொல்றது?" என்று காக்கிச் சட்டைக்காரன் சிரித்தான். சிரித்தவன் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. துணியைக்கூடப் பார்க்கவில்லை. பால் தீய்ந்த வாசனை வந்துகொண்டிருந்தது. பச்சைத் தகரக் கதவு, ஈரத் துண்டு, விரல் இடுக்கில் ரத்தம், கைக்குக் கீழே சிரிக்கிற வாய். ஒண்ணுமில்லடி என்கிறது. அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதைச் சொல்லியாயிற்று, கொஞ்சம் தாமதமாக, ஆனாலும் சொல்லியாயிற்று. சுற்றி ஆட்கள் நின்றார்கள். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"கையை எடுங்க, பாக்கட்டும்" என்றாள், வாய்விட்டு.

எடுத்தார்.